வளைவுச் சேறு

பிப்ரவரி 3, சனி

இன்று மேடம் என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார்கள். இருபத்தோரு வருடமாக இந்தக் கல்லூரியின் விலங்கியல் லேபில் குடுவை கழுவுகிறேன், தவளைக்குப் பெட்டி தேடுகிறேன், மாணவர்கள் உடைத்ததைக் கூட்டி அள்ளுகிறேன். ஆராய்ச்சி என்று வெளியே போனது இதுதான் முதல் தடவை. என் படிப்புக்காக இல்லை, என் ஊருக்காக. "சாமந்துறை உங்க ஊர்தானே அஞ்சலாட்சி, வழி காட்டுங்க" என்றார்கள் பேராசிரியை மெஹருன்னிசா மேடம்.

படகு என் தம்பி தேசிங்குடையது. ஆற்றின் கடைசி நீட்டமான பெரியகழி கடலில் சேருவதற்கு முன்னால் ஊரை ஒட்டி ஒரு வளைவு எடுக்கும். அங்கே தண்ணீர் ஓடாது, சோம்பி நிற்கும். அந்த இடத்தில் ஆள் உயரக் குழாய் ஒன்றைச் சேற்றில் இறக்கி, மேல்வாயை அடைத்து மெல்ல இழுத்தார்கள். சேறு கலையாமல் தூண் மாதிரி உள்ளே நின்றது.

தேசிங்குக்கு ஒரே சந்தோஷம். முகத்துவாரம் மணல் மூடிப் படகு தட்டுகிறது என்று ஆறு வருடமாக மனு எழுதிக்கொண்டிருப்பவன் அவன்தான்.

"தூர் வார்றதுக்கான டெஸ்டா மேடம் இது?"

"அதுக்கு முன்னாடி சேத்துல என்ன இருக்குன்னு பாக்கணும்ல."

"சேத்துல சேறுதான் இருக்கும். முகத்துவாரத்தோட கூடவே இந்த வளைவையும் ஆழமா அள்ளச் சொல்லி எழுதிக் குடுங்க மேடம், புண்ணியமாப் போவும்."

வீடு வந்து துணி ஊறவைத்தேன். வீட்டுக்காரருக்கு டீ, வழக்கம்போல அரை அரை டம்ளராக இரண்டு தடவை. முழுசாக ஊற்றினால் கை ஆட்டத்தில் சட்டையில் கொட்டிவிடும்.

பிப்ரவரி 6

சேற்றுத் தூணைப் படுக்கவைத்து ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லை வில்லையாக அறுத்தோம். அறுத்தது மேடம், டப்பாவில் எண் எழுதியது நான். இந்த வளைவில் ஒரு வில்லை சுமாராக ஒரு வருடம் என்றார்கள்.

நடுவில் வெள்ளையாக ஒரு மணல் பட்டை. மேடம் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழி. அதற்குக் கீழே சேறு கருத்து, மினுமினுப்பாக இருந்தது. நான் எண்ணினேன். ஆற்றின் மேலே இருந்த காஸ்டிக் சோடா கம்பெனி மூடியது. கீழே. என் கல்யாணம். இன்னும் கீழே. நான் பிளஸ் டூ எழுதியது.

"என்ன எண்ணுறீங்க அஞ்சலாட்சி?"

"சும்மா மேடம்."

அதே வளைவில்தான் நாங்கள் மட்டி எடுப்போம். வத்தத்தில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் பள்ளிக்கூடப் பாவாடையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு நான்கைந்து பெண்கள் இறங்குவோம். குனிய வேண்டாம். சேற்றுக்குள் கால் விரலை நுழைத்துத் துழாவினால் கல் மாதிரி ஒன்று இடறும். விரலிடுக்கில் கவ்வி அப்படியே தூக்குவோம். வெயில் மண்டையைப் பிளக்கும், கால் மட்டும் குளுகுளுவென்று இருக்கும். அலையாத்தி மர நிழலில் மூன்று கல் வைத்து, தகர டப்பாவில் வேகவைத்து, ஓடு வாய் திறக்கத் திறக்கத் தின்போம். உப்புப் போட வேண்டியதில்லை.

எட்டு மணிக்கு சோடா கம்பெனி சங்கு ஊதும். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஆற்றின் மேலே இருந்தாலும் தெளிவாகக் கேட்கும். ஊர்க் கடிகாரமெல்லாம் அதை வைத்துத்தான். அந்தக் கம்பெனியில் வேலை செய்கிற மாப்பிள்ளை என்றதும் அப்பா வேறு எதுவும் விசாரிக்கவில்லை.

பிப்ரவரி 18

ஞாயிறு. என் வீட்டுக்காரர் திருநாவுக்குச் சவரம் செய்துவிட்டேன். மேடம் தேடுவது பாதரசம் என்று சொன்னதும் திருநாவு சிரித்தார்.

"அதுக்கு எதுக்கு ஆராய்ச்சி? கம்பெனித் தரையெல்லாம் ஓடுமே. நாங்க தொடப்பத்தால தள்ளிவிட்டுத் தண்ணி ஊத்திக் கழுவுவோம்."

கல்யாணமான புதிதில் ஒரு சின்னப் புட்டியில் கொஞ்சம் கொண்டுவந்து காட்டினார். உள்ளங்கையில் ஊற்றினார். வெள்ளி முத்தாக உருண்டு, விரலால் தொட்டதும் பத்தாக உடைந்து, கையைச் சாய்த்ததும் ஒன்றாகச் சேர்ந்தது. அந்தக் கனமும் குளிர்ச்சியும் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. குவாட்டர்ஸ் வீட்டில் கரண்டு போன மாலைகளில் வாசற்படியில் உட்கார்ந்து, முறத்தில் விட்டு, யார் முத்து உடையாமல் கடைசிவரை ஓடுகிறது என்று பந்தயம் கட்டுவோம். அவர் வேண்டுமென்றே தோற்பார். அவ்வளவு சிரித்த காலம் அது.

மார்ச் 10, ஞாயிறு

தேசிங்கு மகள் பவளா தாய்வீடு வந்திருக்கிறாள். நாலாம் மாதம். மாப்பிள்ளை மஸ்கட்டில். எது தின்றாலும் வாந்தி, கழிக் கெளுத்தி போட்ட புளிக்குழம்பு ஒன்றுதான் வயிற்றில் நிற்கிறதாம். தேசிங்கு தினமும் விடிகாலையில் வலை கட்டி, பெரியதாகப் பொறுக்கி அவளுக்கென்று தனியாக எடுத்துவைக்கிறான். மிச்சம்தான் விலைக்கு.

"சின்னது முள்ளு அதிகம் அக்கா. பெருசுதான் சதப்பத்தா இருக்கும்."

பவளா தட்டை வழித்து நக்கினாள். தம்பி பெண்டாட்டி கோமளம் எனக்கும் போட்டாள். இரண்டு தடவை வாங்கினேன். கழிக் கெளுத்திக்கென்று ஒரு வாசனை உண்டு, புது மழை மண் மாதிரி. கடல் மீனுக்கு அது வராது.

மார்ச் 27

சேறு, கழி மீன் இரண்டுக்கும் ரிசல்ட் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் மேடம் ஒரு கோடு காட்டினார்கள். மேல் வில்லைகளில் குறைவு. மணல் பட்டைக்குக் கீழே போகப் போக ஏறுகிறது. இருபத்தெட்டாவது வில்லை, அதாவது இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய சேறுதான் உச்சி.

கம்பெனியிலிருந்து கழுவிவிட்டது ஆற்றோடு வந்து, ஓட்டம் நிற்கிற வளைவில் படிந்திருக்கிறது. படிந்தது சும்மாவும் கிடக்கவில்லை. சேற்றில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதை வேறு விதமாக மாற்றுகின்றன, உடம்பில் ஒட்டிக்கொள்கிற விதமாக. அந்தச் சேற்றைத் தின்கிற புழுவில் துளி. நூறு புழு தின்கிற இறாலில் நூறு துளி. அந்த இறாலைத் தின்கிற கெளுத்தியில் இன்னும் அதிகம். மீன் வெளியேற்றுவது கொஞ்சம், சேர்த்துவைப்பது நிறைய. வயதான மீனில், பெரிய மீனில்தான் மிக அதிகம்.

"கழுவி, மஞ்சள் போட்டு வேகவெச்சா மேடம்?"

"போகாது அஞ்சலாட்சி. சதையிலயே இருக்கு."

"மேல இருக்கறது குறைவுன்னீங்களே."

"கீழ இருக்கறது கீழயே இருக்கறவரைக்கும்தான். புழு தோண்டுது, வெள்ளம் கலக்குது, அதுலயே இவ்வளவு மீனுக்கு வந்திருக்கு. வளைவுல மெஷின் வெச்சு அள்ளினா மொத்தமும் மேல வந்துடும்."

அந்த உச்சி வருடத்தில் சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்குத்தான் அதிக ஆபத்து, மூளையைத் தாக்கும், ஆனால் ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு இதனால்தான் வந்தது என்று இத்தனை வருடம் கழித்து யாராலும் சொல்லமுடியாது என்றார்கள்.

"யாருக்காகக் கேக்கறீங்க?"

"சும்மா மேடம்."

மார்ச் 28

கேஸ் சிலிண்டர் வந்தது. லீவு போட்டேன். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 7

முடியை வைத்தும் பார்க்கலாமாம். ஒரு மாதத்தில் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, அந்த மாதம் தின்றது அதில் இருக்கும். பவளாவின் பின்னந்தலையில் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொண்டேன். "காலேஜ் ஆராய்ச்சிக்குடி" என்றேன். "என் முடிக்கு அவ்வளவு மவுசா அத்த?" என்று சிரித்தாள். கோமளத்திடம் கொஞ்ச நாளைக்குக் கடல் மீன் ஆக்கேன் என்றேன். வாந்தி எடுப்பாளே அண்ணி என்றாள். மேலே சொல்லாமல் முடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஏப்ரல் 16

நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. விசைப்படகுகள் கரையில். இரண்டு மாதத்துக்கு மார்க்கெட்டில் கடல் மீன் அரிது, எல்லாரும் கழி மீன்தான் கேட்பார்கள். சிறு படகுக்குத் தடை இல்லை என்பதால் தேசிங்குக்கு நல்ல வேட்டை.

ஏப்ரல் 20, சனி

முடியில் பாதரசம் ஒன்றுக்குள் இருக்கவேண்டும் என்றார்கள் மேடம். பவளாவுக்கு ஐந்தே முக்கால். அதுவும் தலையை ஒட்டிய அடியில், தாய்வீடு வந்த பிறகு வளர்ந்த முடியில்.

அரை நாள் லீவில் சாமந்துறை போனேன். கோமளம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பவளா அடுப்படியில் உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். சேறு, புழு, இறால், கெளுத்தி, முடி எல்லாம். அவள் கை புளித்தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"குழந்தைக்கு என்னா ஆவும் அத்த?"

"இப்பவே நிறுத்திட்டா கொறைஞ்சுடும்னு மேடம் சொல்றாங்க. ரெண்டு மாசத்துல பாதியாயிடுமாம்."

"நிறுத்தலன்னா?"

அப்போதுதான் என் மகன் இளமாறனைப் பற்றிச் சொன்னேன். ஆறு வருடம் இருந்தான். இவள் அப்போது குழந்தை, ஞாபகம் இருக்காது. வீட்டில் யாரும் பேசவும் மாட்டோம். பிறந்தபோது மூன்று கிலோ. பார்த்தவர்களெல்லாம் யானைக்குட்டி என்றார்கள். ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. பிறகு எதுவும் நிற்கவில்லை. என் குரல் கேட்டால் மட்டும் கண்ணைச் சுழற்றித் தேடுவான். கொஞ்சம் மிளகு ரசத்தில் சோற்றைக் குழைத்து ஊட்டினால் உதட்டைச் சப்புக்கொட்டுவான், சப்தத்தோடு. அதைக் கேட்பதற்காகவே ஊட்டுவேன். அவன் இறந்த மாதம்தான் கம்பெனியும் மூடினார்கள். அதன் பிறகுதான் நான் லேபில் சேர்ந்தேன்.

"நீயும் மாசமா இருக்கறப்போ கழி மீன் தின்னியா அத்த?"

என்னிடம் பதில் இருந்தது. "கம்பெனி குவாட்டர்ஸ்ல இருந்தோம். காத்து, தண்ணி, எதால வந்துச்சுன்னு யாரு கண்டா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இங்கேயும் எழுதப் பிடிக்கவில்லை.

பவளா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாகிட்ட நான் சொல்றேன். நீ சொன்னா சண்டைக்கு வரும்."

ஏப்ரல் 21

அவள் சொல்லியும் சண்டைக்கு வந்தான். காலையிலேயே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டான்.

"என் கையால புடிச்சது அக்கா. என் புள்ளைக்கு நான் வெசமா வெச்சேன்?"

"அப்படிச் சொல்லலடா."

"வேற எப்படி? ஆறு வருசமா மனு குடுத்து, இப்பத்தான் மிஷின் வருதுன்னு ஆர்டர் ஆயிருக்கு. இந்தக் காகிதத்த வெச்சு அதையும் நிறுத்துவீங்க. கழி மீன்ல வெசம்னு ஒரு வார்த்த வெளிய போனா எங்க ஊரு எதத் தின்னும்? ஒங்க மேடம் வந்து சோறு போடுமா?"

அவர் உள்ளேயிருந்து "தேசிங்கு, டீ குடி" என்று டம்ளரை நீட்டினார். அது ஆடி, பாதி தரையில் போயிற்று. தேசிங்கு குனிந்து தன் துண்டால் தரையைத் துடைத்தான். துடைத்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. கம்பெனியில் பாதரசம் தள்ளிய அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு சொல்லாமல் போய்விட்டான்.

ஏப்ரல் 29

பவளா போன் செய்தாள். அப்பா எட்டு நாளாக யாரிடமும் பேசவில்லையாம். தினமும் கரைக்குப் போய்க் கட்டுமரக்காரர்களிடம் நெத்திலியும் காரப்பொடி மீனும் வாங்கிவருகிறாராம். முதல் இரண்டு நாள் வாந்தி, இப்போது நிற்கிறதாம்.

மே 5, ஞாயிறு

ஊர்க்கூட்டம். தூர் வாரும் மிஷின் எங்கே இறங்குவது என்று முடிவு செய்ய மாரியம்மன் கோயில் கொட்டகையில் கூடினார்கள். மேடமும் வந்தார்கள். பெண்கள் பேசும் வழக்கம் இல்லை, ஓரமாக நின்றோம்.

மேடம் சுருக்கமாகச் சொன்னார்கள். முகத்துவாரத்தில் இருப்பது கடல் மணல், அள்ளலாம், பயமில்லை. வளைவை மட்டும் தொடவேண்டாம். அதற்கு வேறு பாதுகாப்பான முறை இருக்கிறது, அரசாங்கத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றார்கள்.

ஊர்த் தலைவர் எல்லப்பன் மாமா எழுந்தார். "நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்கம்மா. நாளைக்கு எவன் எங்க மீன வாங்குவான்? இந்த ஊர்ப் பொண்ணே கூட நின்னுக்கிட்டு ஊருக்குக் கொள்ளி வெக்கிறது." என்னைத்தான் சொன்னார். கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அங்கேயே நின்றேன்.

"எங்கக்கா வெக்கல மாமா."

தேசிங்கு. பின்வரிசையில் தூணில் சாய்ந்திருந்தவன் முன்னால் வந்தான். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்தான். ஆறு வருடத்து மனு நகல்கள்.

"இது எல்லாத்துலயும் வளைவ அள்ளணும்னு எழுதுனது நான்தான். ஒங்க யாருக்கும் தெரியாததையும் சொல்லிடறேன். எம் பொண்ணு தலமுடியில அந்தப் பாதரசம் இருக்கு. நான் குடுத்த மீன்ல வந்தது. அஞ்சு வருசம் கழிச்சு ஒரு புள்ள தல நிக்காம கெடந்தா, அதத் தூக்கிக்கிட்டு எந்த மார்க்கெட்டுல விப்பீங்க? முகத்துவாரத்த அள்ளட்டும். வளைவுல எவன் மிஷின எறக்குனாலும் மொதல்ல எம் படக ஏத்திட்டு எறக்கட்டும்."

எல்லப்பன் மாமா தன் மருமகள் நின்ற பக்கம் ஒருதரம் பார்த்தார். அவளுக்கும் ஆறாம் மாதம். பிறகு உட்கார்ந்துவிட்டார். முகத்துவாரம் மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே வந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்த மீன் திங்கலாம், எது கூடாது, பால் குடுக்கிறவள் திங்கலாமா, இறால் தலையை எடுத்துட்டா சரியா. சேற்றில் கிடக்கிற கெளுத்தி, மட்டி, பெரிய கொடுவா வேண்டாம், மாசமா இருக்கறவளும் சின்னப் பிள்ளையும் தொடவே வேண்டாம், கடல் நெத்திலியும் மத்தியும் தின்னுங்க என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன்.

ஜூன் 20

மிஷின் வந்து முகத்துவாரத்தில் மணல் அள்ளுகிறது. வளைவுக்கு முன்னால் குறுக்கே மூங்கில் நட்டு, சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். வளைவைப் பற்றி மேடம் எழுதியதற்குப் பதில் இல்லை. கழி மீனுக்கு வழக்கத்தைவிடக் கிராக்கி குறைந்திருக்கிறது என்றாள் கோமளம். தேசிங்கு இப்போது கட்டுமரக்காரர்களோடு கடலுக்குப் போகிறான். நாற்பத்தாறு வயதில் அலை மேல் ஏறப் பழகுகிறான், தோள் முழுக்கத் தைலம்.

பவளாவின் முடி: இரண்டே கால்.

ஆகஸ்ட் 9

பெண். காலை ஆறே முக்காலுக்கு, அரசாங்க ஆஸ்பத்திரியில். மூன்று கிலோ நூறு. நல்ல அழுகை. எல்லாரும் சிரித்தார்கள். நான் கைகழுவப் போகிறேன் என்று வெளியே வந்து குழாயடியில் நின்றேன். எடை நன்றாக இருந்தால் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 22

அமுதினி என்று பெயர் வைத்தார்கள். குரல் வந்த பக்கம் பார்க்கிறாள்.

நவம்பர் 10, ஞாயிறு

காலையிலிருந்து மழை. ஆனாலும் போனேன். மூன்று மாதம் முடிந்துவிட்டது. நான் எதுவும் கேட்காமலே பவளா குழந்தையைப் பாயில் குப்புறப் போட்டாள். அமுதினி முனகினாள், முகம் சிவந்தது, பிறகு தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள். எண்ணினேன். இருபது வரை எண்ணியும் கீழே விடவில்லை. பவளா அழுதாள். நான் அழவில்லை. இன்னும் ஒரு தடவை போடு என்றேன்.

சாயங்காலம் தேசிங்கு குடை பிடித்து என்னை பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டான். பஸ் வரக் காணோம். மழையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா. மாறன் வயித்துல இருக்கறப்போ நான் மீன் கொண்டாருவேனே."

"ஆமா."

"அத நீ தின்னியா?"

ஏப்ரலிலிருந்து இதை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று குரலில் தெரிந்தது.

"எங்கடா தின்னேன்? அப்ப எனக்குக் கழி மீன் வாடையே ஆவாது. ஒங்க மாமா கூட வேல செய்யறவங்களுக்குக் குடுத்துடுவாரு. நீ வருத்தப்படுவியேன்னு சொல்லல. நான் கடல் சங்கராதான் வாங்கித் தின்னேன்."

"நெசமா?"

"ஒன் மேல சத்தியம்."

குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு "சரிக்கா" என்று மூச்சு விட்டான். பஸ் வந்ததும் ஏற்றிவிட்டு, ஜன்னலில் தட்டி, "மாமாவ அடுத்த வாரம் கூட்டிக்கிட்டு வாக்கா" என்றான். முகம் லேசாகியிருந்தது.

இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. வாரத்தில் நாலு நாள், ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, ஹாண்டில்பாரில் ஈரச் சாக்கில் சுற்றிய கெளுத்தியோடு வருவான். உள்ளே வரமாட்டான், மேலெல்லாம் சேறு என்பான். "பெருசாப் பொறுக்கிக் கொண்டாந்தேங்கா. முட்டையோட இருக்கு. நீயே தின்னு, மாமாவுக்குக் குடுக்காத." நான் குடுத்ததில்லை. குழம்பு வைத்து, சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு, முள்ளைக்கூட உறிஞ்சித் தின்றேன். அந்த ருசி எனக்கு அதன் பிறகு எந்த மீனிலும் கிடைக்கவில்லை.